கல்லுக் கேட்டவளுக்குக் கள்ளு

ஒஸ்லோவில் குழாய்த் தண்ணீருக்கு எந்தச் சுவையும் இல்லை. அதை அங்கே பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறார்கள். நான் சந்தித்த நோர்வேஜியர் எல்லாரும், நான் கேட்காமலே, தங்கள் தண்ணீர் உலகத்திலேயே நல்லது என்று எனக்கு அறிவித்தார்கள். நான் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கும் வேலையில் இருப்பவள். எங்கள் வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலைத் திறந்து பார்த்தால் உள்ளே சுண்ணாம்பு தடித்து ஓடு மாதிரிப் பிடித்திருக்கும். அவர்களுடைய கேத்தில் வாங்கிய நாள் மாதிரிப் பளபளத்தது. சுவையில்லாததைக் கொண்டாடும் அந்த ஊரில் நான் அதிகம் கேட்டது சுவையைப் பற்றிய பேச்சைத்தான்.

போன காரணம் சாதாரணமானது. தண்ணீரில் நைத்திரேற்றை அளக்கும் கருவி ஒன்றை எங்கள் அலுவலகம் வாங்கியிருந்தது. அதைப் பழக ஒருவர் போகவேண்டும், என்னை அனுப்பினார்கள். ஒஸ்லோவின் ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் மாமா வீட்டில் தங்க ஏற்பாடு. மாமி மூத்த மகளின் பிள்ளைப்பேற்றுக்காகப் பேர்கனுக்குப் போயிருந்தார். வீட்டில் மாமாவும், அங்கேயே பிறந்து வளர்ந்த இளையவள் நிரோஜாவும் மட்டும்.

புறப்படுவதற்கு முன் நிரோஜா ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள்.

"மச்சாள், வரேக்கை ஊர்க் கள்ளு கொஞ்சம் கொண்டு வாங்கோ. சனிக்கிழமை எனக்கு ஒரு சோதினை, அதுக்கு வேணும்."

கள்ளுக்கும் சோதினைக்கும் என்ன சம்பந்தம் என்று செய்தியைத் திரும்பவும் போட்டுக் கேட்டேன். கள்ளுத்தான். அவள் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவள், ஏதாவது இருக்கும் என்று நினைத்து, போத்தலில் அடைத்த பனங்கள்ளு வாங்கினேன். வாங்கினேன் என்றால் தம்பியை விட்டு வாங்குவித்தேன். எங்கள் நாட்டில் பெண்ணுக்கும் போத்தல் விற்கலாம் என்று ஒருமுறை சட்டம் திருந்தியது. திருந்திய வேகத்திலேயே பழையபடி ஆனது.

ஒஸ்லோவில் இறங்கியதும் மூன்றைச் சரிபார்த்தேன்: கடவுச்சீட்டு, மாமாவின் முகவரி, போத்தல். மூன்றும் இருந்தன. போத்தலைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துணிப்பைக்குள் வைத்தேன். நான் செய்த ஒரே பிழை அது.

எல்லிங்ஸ்ருட்டுக்குப் போகும் நிலத்தடி ரயில் ஓடவில்லை. தண்டவாளத்தைத் திருத்துகிறார்களாம். பதிலுக்கு பஸ் விட்டிருந்தார்கள். அதற்கு 'பஸ் ஃபோர் பானெ', அதாவது 'ரயிலுக்குப் பதில் பஸ்', என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். ஒரு தடங்கலுக்குப் பெயர் வைத்து அறிவிப்புப் பலகை அடித்துவிட்டால் அது சேவையாகிவிடுகிறது. எங்களூரில் பஸ் வராவிட்டால் வரவில்லை என்போம்.

அந்த பஸ் ஒரு வளைவில் சடாரென்று நின்றது. துணிப்பை ஆசனத்திலிருந்து உருண்டு விழுந்தது. மூடி நெகிழ்ந்து, நுரை பொங்கி, கள்ளு பஸ்ஸின் நடுவால் ஓடியது. கூடவே மணமும்.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த பெண் தன் காலணியை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார். அடுத்தவருடைய அவமானத்தைக் காணாத மாதிரி யன்னலால் பார்ப்பதில் நோர்வேஜியர் நல்ல பயிற்சி எடுத்தவர்கள். பின்னாலிருந்து ஒருவர் மட்டும் எழும்பி வந்தார். ஒளிரும் மஞ்சள் மேற்சட்டை, வேலை முடிந்து வரும் களைப்பு, நரைத்த மீசை.

"பிள்ளை, கள்ளெல்லோ?"

"ஓம்."

"பனங்கள்ளு." அவர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "இது தீவுப்பக்கம். எங்கடை ஊர்காவற்றுறைக் கள்ளு. கடற்கரைப் பனை, உப்புக் காத்துப் பட்ட பனை. எங்கை கொண்டந்து மணக்கத் தந்தாலும் சொல்லுவன்."

போத்தலின் லேபிள் என் உள்ளங்கைக்குள் இருந்தது. அது தென்மராட்சியில் அடைத்த போத்தல். அவருடைய தீவுக்கு நேர் எதிர்த்திசை. அதுவும் பல இடத்துக் கள்ளை ஒன்றாகக் கொட்டி, சூடாக்கி அடைத்தது. சொல்ல வாயெடுத்தேன். பஸ் பூருசெற் தரிப்பில் நின்றது.

"போத்தலை நிமித்திப் பிடி பிள்ளை, மிச்சமும் போகப்போகுது," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கண் கலங்கியிருந்தது. பிழையான ஊருக்காக.

வீட்டுக் கதவைத் திறந்த மாமா மூக்கைச் சுளித்தார். "என்ன பிள்ளை, வழி வழிய இறங்கிக் குடிச்சுக்கொண்டே வந்தனீ?"

நிரோஜா போத்தலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "மச்சாள், எங்கை கள்ளு?"

"இந்தா, இதுதானே."

"ஐயோ, இது இல்லை! கள்ளு! நிலத்திலை கிடக்கிற கள்ளு! ஸ்ரைன்!"

ஸ்ரைன் என்றால் நோர்வேஜிய மொழியில் கல். அவள் கேட்டது கல்லு. ஊர்ச் சுண்ணாம்புக் கல்லு, ஒரு துண்டு. அவள் வாயில் கல்லும் கள்ளும் ஒன்றுதான். யாழ்ப்பாணத்தார் ழகரத்தைத் தொலைத்துவிட்டதாக இந்தியத் தமிழர் எங்களைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. ஒஸ்லோவில் பிறந்தவர்கள் மிச்சம் இருந்த லகரத்தையும் ளகரத்தையும் ஒன்றாகப் போட்டுக் கரைத்துவிட்டார்கள்.

"சின்னனிலை பல்லிக்கூடம் போறன் எண்டுதான் சொல்லுவாள்," என்றார் மாமா. "பல்லியளுக்கும் ஒரு கூடமோ எண்டு கேப்பன்."

"அப்பா, பகிடி விடாதேங்கோ. எனக்கு அழுகை வருது."

அவளுடைய சோதினை என்னவென்று அன்றைக்குத்தான் விளங்கியது. அவள் வேலை செய்வது துறைமுகப் பக்கம் உள்ள, விலை கூடிய ஒரு உணவகத்தில். அங்கே வைனுக்குப் பொறுப்பாக ஒருவர் வேண்டும். முதலாளி அம்மா இரண்டு பேரைத் தெரிவு செய்திருந்தார்: நிரோஜா, ஹென்றிக். சனிக்கிழமை ஆளுக்கொரு மேசை; காசு கொடுத்து வந்தவர்களுக்கு ஒரு ஊரின் வைனை ஊற்றி, அந்த ஊரின் மண்ணையும் கதையையும் சொல்லவேண்டும். நன்றாகச் சொன்னவருக்குப் பதவி.

"நான் நர்சிங் படிப்பை விட்டுட்டு இதுக்கு வந்தனான், மச்சாள். இது போச்செண்டா ஹென்றிக் சொல்லச் சொல்ல நான் தட்டுத் தூக்கவேணும்."

அவளுக்கு விழுந்தது சாப்லி. பிரான்ஸின் வடக்கே, பூர்கோன் பிரதேசத்தின் ஒரு மூலையில் உள்ள சிறு பட்டினம். அந்தப் பெயரை அந்த எல்லைக்குள் விளைந்த வெள்ளை வைனுக்கு மட்டும்தான் போடலாம் என்று சட்டம். அங்கேயும் சுண்ணாம்புக் கல் நிலம், எங்களூரிலும் சுண்ணாம்புக் கல் நிலம். ஊர்க்கல்லை மேசையில் வைத்துப் பேசப்போகிறேன் என்று முதலாளியிடம் சொல்லியும் விட்டாள்.

மாமாவுக்கு இதில் எதிர்ப்பில்லை. கோவிலில் கேட்கிறவர்களுக்கு, "மகள் மண்ணைப் பற்றிப் படிக்கிறாள்," என்று சொல்லி வைத்திருந்தார். பொய் என்று சொல்ல முடியாது.

மறுநாள் பயிற்சிக்குப் போனேன். கருவி நல்லது. மதியச் சாப்பாடு வேறு கதை. பெரிய பெரிய பொறியியலாளர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த கடதாசிச் சுருளைப் பிரித்து, குளிர்ந்த பாண் துண்டுகளை எடுத்தார்கள். மேலே மண்ணிற இனிப்புச் சீஸ். துண்டுக்கும் துண்டுக்கும் இடையில் ஒட்டாமல் இருக்க ஒரு தாள். சாப்பாட்டுக்காக இந்த நாடு செய்த ஆராய்ச்சி அந்தத் தாளோடு முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பின்னேரம் மாமா குறொன்லாண்ட் கடைத்தெருவில் வாங்கி வந்த கத்தரிக்காயில் பால்கறி வைத்தார். நிரோஜா அடுப்படியில் நின்று தன் உரையை ஒப்புவித்தாள். சாப்லியில் ஒரு காலத்தில் கடல் இருந்தது. காற்புள்ளி வடிவச் சின்னச் சிப்பிகள் அடியில் படிந்து கல்லாகின. அந்தக் கல்லின் மேல் வளரும் கொடி, அந்தச் சிப்பியை உறிஞ்சி, கிண்ணத்தில் கடலின் சுவையைத் தருகிறது.

"நில்," என்றேன். "சிப்பியை உறிஞ்சிறது ஆர்?"

"வேர்."

"வேர் கல்லுக் குடிக்காது. தண்ணியிலை கரைஞ்சது கொஞ்சம் போகும். அது நாக்கிலை தெரியிற அளவு இல்லை. கல்லுக்கு ருசியும் இல்லை. சுண்ணாம்புத் தண்ணியை நாள் முழுக்க அளக்கிறவள் சொல்லுறன்."

"எல்லாப் புத்தகத்திலையும் கிடக்கு, மச்சாள்."

கிடந்தது. அன்றைக்கு முழுவதையும் வாசித்தேன். அந்த மண்ணைப் பற்றிப் பிரெஞ்சுக்காரர் அவ்வளவு பெருமைப்படுகிறார்கள். ஆனால் மண்ணின் பெயர் கிம்மரிட்ஜ். அது இங்கிலாந்தின் கரையிலுள்ள ஒரு கிராமம். மேட்டுப் பகுதிக் கல்லின் பெயர் போர்ட்லண்ட். அதுவும் இங்கிலாந்து. முதலில் திராட்சையைப் பெருப்பித்தவர்கள் கத்தோலிக்கத் துறவிகள். மண்ணுக்கு அடுத்த பெரிய காரணம், பீப்பாயைப் பாரிசுக்குக் கொண்டுபோக ஆறு பக்கத்தில் இருந்தது. பிறகு ரயில் வந்து, தெற்கிலிருந்து மலிவு வைனை இறக்கியது; ஒரு பூச்சி வேர்களைத் தின்றது; அவ்வளவு புகழ்பெற்ற மண், கொஞ்சக் காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. திரும்ப விலை ஏறியதும், எந்தக் கல்லின் மேல் விளைந்தால் சாப்லி என்று ஊர் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. கடைசியில் எல்லை விரிந்தது. கல் அப்படியேதான் இருந்தது. அமெரிக்காவில் அந்தப் பெயரை எந்த வெள்ளை வைனுக்கும் ஒட்டி, பெரிய சாடிகளில் விற்றார்கள். வாங்கிக் குடித்தவர்களில் ஒருவரும் சிப்பி எங்கே என்று கேட்டதாக நான் வாசிக்கவில்லை.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல நிரோஜா மிச்சக் கள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, சுழற்றி, மூக்கை உள்ளே விட்டாள்.

"ஈஸ்ட். கனிஞ்ச பலாப்பழம். பிறகு... ஈரச் சாக்கு."

"சாக்குச் சரி," என்றார் மாமா. அவர் குடிப்பதில்லை. ஆனாலும் கிட்ட வந்து மணந்தார்.

"இந்தப் பனையும் சுண்ணாம்பு நிலத்திலைதானே நிக்குது? அப்ப இதுக்குள்ளை சுண்ணாம்பு இல்லையோ?" என்று கேட்டாள் நிரோஜா.

"எங்கடை ஊரிலை சுண்ணாம்பு உள்ளுக்குப் போறதுக்கு ஒரு வழிதான் இருக்கு. கள்ளு வடியிற முட்டிக்குள்ளை கையாலை பூசவேணும். பூசினா அது புளிக்காது. கள்ளாகாது. கருப்பணிதான், வெறும் பதநீர், குழந்தையளும் குடிக்கலாம். விளங்கிச்சே? சுண்ணாம்பு உண்மையிலேயே உள்ளுக்குப் போனா அது குடியே இல்லை."

நிரோஜா எழும்பினாள். கிண்ணத்தைக் கழுவி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பயிற்சி வேளைக்கு முடிந்தது. அவளுக்கு ஒரு கல்லாவது வேண்டும் என்று ஹோவெதொயாவுக்குப் போனோம். ஒஸ்லோத் துறையிலிருந்து படகில் கொஞ்ச நேரம். அது ஒரு சின்னத் தீவு. வெயில் வந்துவிட்டது என்பதற்காக ஊரே சட்டையைக் கழற்றிப் புல்லில் கிடந்தது. எங்களூரில் இந்த வெயிலுக்குக் குடை பிடிக்கவும் மாட்டார்கள். நடுவில் இடிந்த துறவி மடம் ஒன்று. அறிவிப்புப் பலகையை வாசித்துவிட்டு நான் சத்தமாகச் சிரித்தேன். சாப்லியில் திராட்சையைப் பெருப்பித்த அதே சபைத் துறவிகள். கீழே கரையில் அதே வகைச் சுண்ணாம்புக் கல், வயதில் சாப்லியின் கல்லை விட மிக மூத்தது. கல்லில் கடற்பிராணிகளின் அச்சுக்கூட இருந்தது.

"பார்," என்று விரல் மடித்தேன். "துறவியள் இருக்கு. சுண்ணாம்புக் கல்லு இருக்கு. செத்த சிப்பி இருக்கு. கடல் இருக்கு. சரிவு இருக்கு. எங்கை வைன்?"

"அப்ப இதாலை ஒண்டுமே இல்லையோ?"

"தண்ணியை வடியவிடும், கொஞ்சம் பிடிச்சும் வைக்கும். அதுதான் கல்லின்ரை வேலை. மிச்சம் வெய்யில், ஆக்கள், ஆறு, பாரிஸ்."

அவள் குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். எடுக்கக் கூடாது என்று பலகையில் எழுதியிருந்தது. திரும்ப வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "நீங்கள் எல்லாத்தையும் உடைச்சுப்போட்டு ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறிடுவீங்கள். நாளைக்கு நான் அந்த மேசையிலை என்னத்தைச் சொல்லுறது?"

நான் படகுத் துறையைப் பார்த்து நடந்தேன். படகில் ஏதாவது பயனாகச் செய்வோம் என்று கல்லு, கள்ளு இரண்டையும் சொல்லிக் கொடுத்தேன். நாக்கை மடித்துப் பின்னால் கொண்டுபோ என்றேன். "கள்ளு, கள்ளு" என்று இரண்டையும் ஒரே மாதிரிச் சொன்னாள். எதிரே இருந்த பெண், படகில் யாருக்கோ சுகமில்லை என்று நினைத்தார் போல, யன்னலால் பார்த்தார்.

சனிக்கிழமை பின்னேரம் உணவகத்தில் எனக்கு ஓரமாக ஒரு கதிரை போட்டார்கள். முதலாளி அம்மாவின் பெயர் உண்ணி. எங்களூரில் அது மாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். இவர் மேசையோரம் ஒட்டிக்கொண்டு எல்லாரையும் பார்த்தபடி இருந்தார். அடுத்த மேசையில் ஹென்றிக் இத்தாலியின் மூடுபனியைப் பற்றிக் கையை விரித்துப் பேசினான். மூடுபனியும் கிண்ணத்துக்குள் வந்ததாம்.

நிரோஜா பழைய உரையைத்தான் தொடங்கினாள். பழைய கடல், சிப்பி. கம்பளிச் சட்டை போட்ட ஒருவர் கிண்ணத்தைச் சுழற்றி, "ஆம், சிப்பி மணக்கிறது," என்றார். இன்னொருவருக்கு நனைந்த கல் மணந்தது. நானும் குடித்தேன். குளிர், புளிப்பு, பச்சை ஆப்பிள். சுண்ணாம்பு எங்கும் இல்லை.

கம்பளிச் சட்டைக்காரரின் மனைவி கிண்ணத்தைக் கீழே வைத்தார். "எனக்கு ஒன்றுமே மணக்கவில்லை. கல் எங்கே?"

உண்ணி தலையைத் தூக்கினார். நிரோஜா என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே கிண்ணத்தைப் பார்த்தேன்.

"கல் இல்லை," என்றாள் நிரோஜா, நோர்வேஜிய மொழியில், மெதுவாக. "கல்லுக்குச் சுவை கிடையாது. அந்த மூலையில் இருப்பவர் என் மச்சாள், சுண்ணாம்புக் கல் தண்ணீரை அளப்பவர், வேண்டுமானால் கேளுங்கள். எங்கள் ஊரில் மரத்துச் சாற்றுக்குள் சுண்ணாம்பு போட்டால் அது மதுவாக மாறவே மாறாது."

பிறகு பஸ்ஸில் நடந்ததைச் சொன்னாள். நான் சொன்னதைவிட நன்றாகவே சொன்னாள். அந்த மீசைக்காரர் கண்ணை மூடியதை, ஊரின் பெயரைச் சொன்னதை. "அவர் சொன்னது பிழை. ஊரும் பிழை, திசையும் பிழை. ஆனால் அந்த பஸ்ஸில் மற்ற எல்லாருக்கும் அது தரையில் ஊற்றுண்ட அழுக்கு. அவர் ஒருவருக்குத்தான் அது ஒரு இடம். நீங்கள் இங்கே குடிப்பது கல்லை அல்ல. சாப்லி என்ற பெயரை. அதைப் பிழையாகவும் குடிக்கலாம்."

அந்த மனைவி வாய்விட்டுச் சிரித்தார். கிண்ணத்தை நீட்டி, "அப்படியென்றால் இன்னும் கொஞ்சம் ஊற்று," என்றார். கம்பளிச் சட்டைக்காரர் மட்டும் தனக்குச் சிப்பி மணந்தது உண்மைதான் என்று முறைத்துக்கொண்டிருந்தார்.

ஆட்கள் போனபின் உண்ணி எங்கள் இருவரையும் அடுப்படிக்குப் போகும் வழியில் நிறுத்தினார். பதவி நிரோஜாவுக்கு. அந்த பஸ் கதையை இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லவேண்டும். "ஒரேயொரு திருத்தம். கடைசியில் அந்த மனிதர் சொன்னது சரியாக இருக்கவேண்டும். காசு கொடுத்து வருகிறவர்கள் பிழையைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போக விரும்பமாட்டார்கள்."

"நிச்சயமாக," என்றாள் நிரோஜா. ஒரு கணம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "அவர் சொன்னது சரியெண்டா உந்தக் கதையிலை என்ன கிடக்கு? சிப்பிக் கதையைத் தூக்கி எறிஞ்சிட்டு இன்னொரு சிப்பிக் கதை. வெக்கமாயில்லையே?"

"இல்லை. எனக்கு வேலை கிடைச்சிருக்கு."

"பொய் சொல்லுற வேலை."

அவள் நின்றாள். "மச்சாள், வாற ஆக்கள் கேக்கிறது கல்லு. நான் ஊத்திறது கள்ளு. முதல் அதைச் செய்தது ஆர்? நீங்கள்தானே?"

எனக்கு எரிச்சல் வந்தது. அதைவிட எரிச்சல், இந்தமுறை கல்லும் கள்ளும் இரண்டாகவே கேட்டன.

ஞாயிறு காலை நிரோஜா என்னை வழியனுப்ப வந்தாள். ரயில் இன்னும் ஓடவில்லை; பஸ்தான். பூருசெற்றில் அதே நரைத்த மீசை ஏறியது. இந்தமுறை கோட்டும் கழுத்துப்பட்டியும், கையில் செபமாலை, பக்கத்தில் சேலை உடுத்த மனைவி. பூசைக்குப் போகிறார்கள். அவர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தார்.

"இஞ்சை பார், நான் சொன்னன் எல்லோ, அந்தப் பிள்ளை. பிள்ளை, அண்டைக்கு நான் சொன்னது சரிதானே? ஊர்காவற்றுறைக் கள்ளுத்தானே? இவ நம்பிறா இல்லை."

"இவருக்கு ஆனைக்கோட்டை நல்லெண்ணெயும் ஊர்காவற்றுறையிலை இருந்துதான் வந்தது," என்றார் அந்த அம்மா. "நீ சொல்லு பிள்ளை. அண்டையிலை இருந்து எனக்கு வீட்டிலை இருக்கேலாமல் கிடக்கு."

நிரோஜா என் காதுக்குள் குனிந்தாள். "பிழை எண்டு சொல்லுங்கோவன், மச்சாள்."

லேபிள் எனக்கு நன்றாக நினைவிருந்தது. எழுத்தின் நிறம், ஊரின் பெயர், அடைத்த இடம், எல்லாம். அவர் கம்பியைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் ஐயா," என்றேன். "ஊர்காவற்றுறைதான். லேபிளிலையும் போட்டிருந்தது."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். நிரோஜா எதுவும் கேட்காதவள் போல யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், நல்ல பயிற்சி எடுத்த நோர்வேஜியர் மாதிரி.